கோதுமைத் தாளும் மஞ்சள் புள்ளி நோயும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் கோதுமை அறுவடைக்குப் பின் தாளை எரிக்காமலும் உழாமலும் நிலத்திலேயே விட்டுவைப்பது மண்ணின் ஈரத்தைக் காக்கும் நல்ல வழக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இலையில் மஞ்சள் புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை அந்தத் தாளிலேயே தங்கியிருந்து, அடுத்த பருவத்தில் மழை பெய்ததும் வித்துகளை (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை) வெளியேற்றி இளம் பயிரைத் தாக்குகிறது. அதற்காக மீண்டும் தீ வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோதுமைக்குப் பின் கோதுமையே விதைப்பதுதான் உண்மையான சிக்கல். இடையில் கொண்டைக்கடலையோ கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரோ பயிரிட்டால், பழைய தாள் மட்கும் வரை பூஞ்சைக்குப் புதிய கோதுமை கிடைப்பதில்லை.

கோதுமையைத் தாக்கும் மற்றொரு பூஞ்சை நோயான துரு நோயின் இயல்பு வேறு. அது உயிருள்ள செடியில் மட்டுமே வாழ்வதால், கோடையில் தானாக முளைத்து நிற்கும் கோதுமையை விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே அழித்துவிட வேண்டும். அதன் வித்துகள் காற்றில் வெகுதூரம் செல்வதால், அண்டை நிலத்தாரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.