ஆறு புள்ளி பூஜ்யம்

கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸுக்குப் போகிறேன் என்று சொன்னால், செட்டிபாளையம் டிராக்குக்குப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் திருத்துவதில்லை. நான் போவது பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணனின் தென்னந்தோப்புக்கு. மரங்கள் பட்டுப்போன மூலையில் மண்ணை மேடும் பள்ளமுமாகக் கூட்டி, ஒயர் போடும் நெளிவுக் குழாயைத் தரையோடு ஆணியடித்து வளைவுகள் அமைத்திருக்கிறோம். அதில் ஓடுவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கன்ட்ரோல் பக்கி. (திட்டு இல்லை, வண்டி வகையின் பெயரே அதுதான்.) வண்டியின் நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டுகிறவர்களின் வயது பெரும்பாலும் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே.

போன மார்கழியில் ஒரு புது ரேடியோ வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரை நாங்கள் ரேடியோ என்றுதான் சொல்வோம். துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு, விசையை இழுத்தால் வண்டி ஓடும். பக்கத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும். பழைய ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதியதில் டெலிமெட்ரி இருந்தது. அதாவது, நாம் சொல்வதை வண்டி கேட்பதோடு சரி என்றில்லாமல், வண்டி சொல்வதை நாமும் கேட்கலாம். வண்டிக்குள் இருக்கும் ரிசீவர் பதில் பேசும். வோல்டேஜ் எவ்வளவு, மோட்டார் சூடு எவ்வளவு, சிக்னல் எப்படி என்று எல்லாம் கையிலிருக்கும் திரையில் வரும். அளவு தாண்டினால் ரேடியோ அதிரும், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும். ஃபார்முலா ஒன் பொறியாளர் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏங்கியவனுக்கு இது போதாதா?

பெட்டியை மூன்று நாள் காரின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருந்து, நாலாம் நாள் வீட்டுக்குள் கொண்டுபோனேன். "ஏனுங்க, பழசு இருக்குதில்லங்க?" என்றாள் மனைவி. இது பேட்டரி சாகாமல் காப்பாற்றும், அந்த வகையில் மிச்சம்தான் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அளக்க இன்னும் சென்சார் வரவில்லை.

தோப்பில் ரேடியோவைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். தோப்புக்கார அண்ணன் வழக்கம்போல 27 மெகாஹெர்ட்ஸ் காலத்துக்குப் போனார். அப்போதெல்லாம் அலைவரிசையைத் தீர்மானிக்க ஆளுக்கொரு கிரிஸ்டல், அலைவரிசைக்கு ஒரு கிளிப். கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ரேடியோவை ஆன் செய்யலாம். மறந்துபோய் ஒருவர் ஆன் செய்ததில் இவருடைய வண்டி நேரே போய்க் கிணற்றில் இறங்கியதாம். எனக்குத் தெரிந்து அந்த வண்டி ஏழெட்டு முறை கிணற்றில் இறங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறது. இப்போது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிசீவரை ரேடியோவோடு ஒரு தடவை ஜோடி சேர்த்துவிட்டால், ரெண்டும் சேர்ந்து அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும், அடுத்தவன் குறுக்கே வர முடியாது.

பயிற்சி ஓட்டத்தின் முதல் சுற்றிலேயே ஒரு கணக்குப் புரிந்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகும். திரையை எட்டிப்பார்க்க அரை நொடி. நிமிர்ந்தபோது வண்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, குழாயைத் தாண்டி மட்டைக் குவியலுக்குள் கிடந்தது. மூன்றாவது தடவை தூக்கி வைத்த மார்ஷல், "மாப்ள, நீ ரோட்டப் பாக்கறயா, மீட்டரப் பாக்கறயா?" என்று கேட்டான்.

ஆனால் அந்தத் திரையில் இருந்த ஒரு எண் என்னை மயக்கிவிட்டது. 6.0. அதுதான் வோல்டேஜ். இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுக்க ஏறியிருந்தால் 8.4 வோல்ட் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், லோடு இருக்கும்போது இறங்கத்தானே செய்யும் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்தபோதும் 6.0. முதல் ஹீட், அதாவது ஃபைனலுக்கு முந்தைய தகுதி ஓட்டம், ஐந்து நிமிடம் ஓடி முடிந்தபோதும் 6.0. இறங்கவே இல்லை! இத்தனை நாள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சார்ஜ் போட்டு எவ்வளவு கரண்டை வீணாக்கியிருக்கிறோம் என்று தோன்றியது.

எங்கள் கூட்டத்தில் ஒரே சின்னப் பையன், மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறவன். "ஏனுங்ணா, பேட்டரி மாத்தலீங்களா?" என்றான்.

"எதுக்குத் தம்பி? பாரு, ஆறு புள்ளி பூஜ்யம். அசையல."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள், போய்விட்டான்.

அந்த உற்சாகத்தில் இன்னொன்றும் செய்திருந்தேன். வேகம் கூடட்டும் என்று மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில், 21 பல் உள்ளதைக் கழற்றி 24 பல் மாட்டியிருந்தேன். பினியன் பெரிதானால் மோட்டார் சூடேறும் என்பது பாலபாடம். ஆனால் எனக்குத்தான் மோட்டார் மேல் ஒட்டிய சென்சார் இருக்கிறதே! 75 டிகிரியில் கத்தச் சொல்லி வைத்திருந்தேன். திரை காட்டியது 31. மற்றவர்கள் மோட்டாருக்கு மேலே குட்டி ஃபேன் மாட்டிக்கொண்டு திண்டாடுகையில் என் வண்டி மட்டும் ஊட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபைனலில் ஆறு வண்டிகள். மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்தில், பெரிய மேட்டில் ஏறும் நேரம் பார்த்து வண்டி முனகியது. பாதி ஏறி, நின்று, மெல்லப் பின்பக்கமாக உருண்டு கீழே வந்து, கும்பிடுவதுபோல் முன் சக்கரத்தை இடமும் வலமும் அசைத்தது. விசையை இழுத்தேன். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தேன்: 6.0 வோல்ட், 31 டிகிரி, சிக்னல் பிரமாதம். செத்துப்போன வண்டி, நான் சௌக்கியம் என்று எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது.

பையன் ஓடிப்போய் வண்டியை எடுத்து வந்தான். வரும்போதே மூக்கைச் சுளித்தான். "வார்னிஷ் வாசம் வருதுங்ணா." மோட்டார் மேல் விரலை வைத்தவன் 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டான். மூணு எண்ணுகிற வரைக்கும் விரல் பொறுத்தால்தான் மோட்டார் சுகம் என்பது அவன் கணக்கு. நானும் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போதும் தோல் கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. பிறகுதான் பார்த்தோம்: சென்சார் டேப் விட்டுப்போய், ஒயரோடு வண்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "இது வெயில அளந்திருக்குதுங்ணா" என்றான். ஊரின் வெப்பநிலையை அது துல்லியமாகத்தான் சொல்லியிருந்தது.

சரி, அந்த 6.0? டீ குடித்துக்கொண்டே அதையும் அவிழ்த்தான். ரிசீவர் நேராக பேட்டரியில் இருந்து கரண்ட் எடுப்பதில்லை. நடுவில் இருக்கிற ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரியில் 8.4 இருந்தாலும் 7 இருந்தாலும், அதைக் குறைத்து ஒரே சீராக 6 வோல்ட்டாக ரிசீவருக்கும் முன் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் சர்வோ மோட்டாருக்கும் கொடுக்கும். ரிசீவர் தனக்கு வருவதைத்தான் சொன்னது. "வீட்டு ஸ்டெபிலைசர்ல அவுட்புட் முள்ளப் பாத்துட்டு தெருவுல கரண்ட் நல்லா வருதுன்னு சொன்ன மாதிரிங்ணா." பேட்டரியின் நிஜ வோல்டேஜ் தெரிய வேண்டுமென்றால் பேட்டரியில் இருந்து ரிசீவருக்குத் தனியாக ஒரு ஒயர் போக வேண்டுமாம். பெட்டியில் ஒரு சின்னக் கவரில் ஒரு ஒயர் இருந்தது. ஸ்பேர் என்று நினைத்து டிராயரில் போட்டுவிட்டேன்.

நல்லவேளையாக, ஸ்பீடு கன்ட்ரோலர் செல்லுக்கு 3.2 வோல்ட் வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டது. இல்லையென்றால் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கும். எந்தத் திரையும் குரலும் இல்லாத அந்தக் கறுப்பு டப்பாதான் என்னைக் காப்பாற்றியது. எழுதும்போதே கொஞ்சம் வலிக்கிறது.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த ரேடியோவுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அம்மாவுக்கு அப்போது ஒரு மனக்குறை: மார்கழிக் குளிரில் தயிர் உறைவதே இல்லை. அன்று ராத்திரி ரிசீவரை வண்டியில் இருந்து கழற்றி, பழைய சார்ஜபிள் பென்டார்ச் செல் நாலு மாட்டி, சென்சாரைப் பால் ஏனத்தின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். இந்தத் தடவை மூன்று சுற்று. ரேடியோவை ஹாலில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சும்மா கிடந்தால் கத்துகிற அலாரத்தை அணைத்துவிட்டேன், அந்த அளவுக்கு விவரம் வந்திருந்தது.

திரையில் 43 வந்ததும், "ம்மா, இப்ப பெற ஊத்துங்க" என்று சமையலறைக்குக் குரல் கொடுத்தேன்.

அம்மா சுண்டு விரலைப் பாலில் விட்டுப் பார்த்தார். "இன்னும் ஆறோணும் கண்ணு."

"நாப்பத்தி மூணுங்கம்மா. அதான் சரியான சூடு."

"அது ஏனத்தோட சூடு. நான் பாலச் சொல்றேன்."

வாயை மூடிக்கொண்டேன். ஒரே நாளில் இரண்டாவது விரல். அவர் இன்னும் ஐந்து நிமிடம் விட்டு, பெற ஊற்றி, மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். நானும் போனேன்.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு வீடே எழுந்துகொண்டது. சாப்பாட்டு மேசை மேல் ரேடியோ அதிர்ந்து அதிர்ந்து, ஊறுகாய் பாட்டில் வரைக்கும் நகர்ந்து போயிருந்தது. அந்தப் பெண் குரல் இருட்டில் ஆங்கிலத்தில் எச்சரித்துக்கொண்டிருந்தது. மனைவி கதவோரம் கையில் துடைப்பத்தோடு நின்றாள். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். ரிசீவர் வோல்டேஜ் 4.4. நான் வைத்த எல்லை 4.5. இங்கே நடுவில் ஸ்பீடு கன்ட்ரோலர் கிடையாது, செல்லில் இருந்து நேராக ரிசீவர். அப்படியானால் அது சொல்வது நிஜ பேட்டரியின் நிஜ வோல்டேஜ். வாங்கின நாளில் இருந்து அது சொன்ன முதல் சரியான எச்சரிக்கை. அணைக்க மனசு வராமல் இன்னொரு தடவை கத்தவிட்டுக் கேட்டேன்.

உள்ளே இருந்து அம்மா கேட்டார்: "தயிர் ஒறஞ்சிருச்சுன்னு சொல்லுதா சாமி?"

"இல்லீங்கம்மா, செல்லு தீந்துபோச்சுன்னு சொல்லுது."

"செரி, லைட்ட அமத்திட்டுப் படு."