எக்ஸாம் எப்போ தம்பி?

"எந்தக் காலேஜ்?" "எந்த ஷிஃப்ட்?" "வீடு எங்க?" திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பகுதி நேர வேலை கேட்டு வந்த கல்லூரிப் பையன், மூன்று கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னான். கல்லூரியில் முதல் ஷிஃப்ட், மதியம் ஒன்றரைக்குள் விட்டுவிடுவார்கள். வீடு லால்குடிப் பக்கம், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ். நான்காவதாக மேனேஜர் கேட்டார்: "எக்ஸாம் எப்போ தம்பி?"

"நவம்பர்ல சார். ஒரு ரெண்டு வாரம் வர முடியாது."

"சரி, நம்பர் குடுத்துட்டுப் போ. தேவைன்னா கூப்பிடுறோம்."

துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்ட நம்பரை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பையனுக்குத்தான் தெரிந்திருக்காது. நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. யாராவது ஒருவர் பக்கம் மட்டும் இருந்திருந்தால் இதை எப்போதோ மறந்திருக்கலாம்.

மேனேஜர் பக்கத்து நியாயம் இது. தன்னாட்சிக் கல்லூரிகளில் முதல் பருவத் தேர்வு அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வரும். தீபாவளியும் அதை ஒட்டித்தான் வரும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் கடலை மாவு, மைதா, எண்ணெய், நெய், முந்திரி என்று அள்ளிக்கொண்டு போவார்கள். சாதாரண நாளில் ஐந்து கவுன்டரில் மூன்றுதான் ஓடும். அப்போது ஐந்தும் ஓட வேண்டும். அந்த ஐந்தாவது கவுன்டருக்குத்தான் செப்டம்பரிலேயே ஆள் தேடுகிறார்கள்.

பில்லிங் என்றால் பார்கோடு காட்டினால் போதும் என்று வெளியில் நினைக்கிறார்கள். பார்கோடு உள்ள பொருளில் சிக்கலே இல்லை. சிக்கல் எடை போட்டு விற்பவற்றில்: காய்கறிக்கும் பருப்புக்கும் தனித்தனி கோடு நம்பர், மனப்பாடமாக வேண்டும். ஒரே சோப்பு பழைய எம்ஆர்பியிலும் புது எம்ஆர்பியிலும் ரேக்கில் இருக்கும். ஸ்கேன் செய்தால் கணினி இரண்டையும் காட்டி எது என்று கேட்கும். புது ஆள் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் முதலில் இருப்பதை அமுக்குவான். அதிகம் போட்டால் வாடிக்கையாளர் சண்டை, குறைத்துப் போட்டால் கடைக்கு நட்டம். யுபிஐயில் பணம் வந்ததா என்பதைக் கடையின் மெஷினில் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் நீட்டுகிற போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ராத்திரி கணக்கு இடிக்கும்போது முழிப்பவர்கள் உண்டு. தவறாகப் போட்ட பில்லை ரத்து செய்ய சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வேண்டும், அதுவரை வரிசை நிற்கும். கல்லாவில் குறைந்தால் பல கடைகளில் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதெல்லாம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பக்கத்தில் ஒரு பழைய ஆள் நிற்க வேண்டும். இவ்வளவும் செய்து தயாராக்கிய ஆள், கூட்டம் குவிகிற வாரத்தில் ஹால் டிக்கெட்டோடு போய்விடுவான் என்றால் மேனேஜர் என்ன செய்வார்?

சரி. ஆனால் மற்றப் பதினொரு மாதக் கதை என்ன?

மளிகைக் கடையின் கூட்டம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. மாதத்தின் முதல் பத்து நாள், அப்புறம் ஞாயிறு. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை கவுன்டரில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம் (உட்கார இருக்கை இருந்தால், 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியும், ஸ்டூல் பல கடைகளில் கணக்குக்கு மட்டும் கிடக்கிறது). பகுதி நேர ஆளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது இந்த நேரப் பிரிவு. இருந்தும் காலை பத்து முதல் இரவு பத்து வரை நிற்கிற முழு நேர ஆட்களை வைத்தே ஓட்டுகிறார்கள். காரணம் சம்பளம் மட்டுமல்ல. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தங்க அறையும் சாப்பாடும் கடைதான் தருகிறது. அறையில் இருப்பவனை எந்த நேரமும் கூப்பிடலாம். டியூட்டி சார்ட் அவனை வைத்துத்தான் போடப்படுகிறது. நாலு மணி நேரத்துக்கு வருபவனுக்கும் ஆதார் நகல், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், பிஎஃப் எண் என்று அதே காகித வேலை. நடுவில் கல்லா கை மாறினால் இருக்கிற பணத்தை நோட்டு வாரியாக எண்ணி, கையெழுத்து வாங்கி, புது ஆளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் போகும், அதுவும் கூட்டம் ஏறுகிற ஆறு மணிக்கு. எட்டரைக்குப் பஸ் பிடிக்க ஓடுபவனைப் பார்த்து, கடை பெருக்கி மூடிவிட்டுப் போகிறவன் முகம் சுளிப்பான்.

ஆக, எக்ஸாம் என்ற கேள்வி வரும்போதே பதில் பாதி தயாராக இருந்தது. தேர்வு மே மாதத்தில் என்று அவன் சொல்லியிருந்தாலும், "எட்டரைக்கு மேல இருப்பியா?" என்று ஐந்தாவது கேள்வி வந்திருக்கும். இப்படி நினைத்தால் மேனேஜர் மேல் கோபம் வருகிறது. அடுத்த நிமிடமே, அவர் கேட்காத கேள்விகள் நினைவுக்கு வந்து, கோபம் வேறு பக்கம் திரும்புகிறது.

திருச்சியில் படிக்கிற பையன்களில் நிறையப் பேர் முதலில் சம்பாதிப்பது கேட்டரிங்கில்தான். வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும்: கருப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, முகூர்த்தம் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் வைப்பவன், இலை போடுபவன், சாம்பார் வாளி தூக்குபவன் என்று படி உண்டு. ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருவதற்குள் மேசையைத் துடைத்து இலை போட்டு முடிக்க வேண்டும். முறைக்கிற சம்பந்தி வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேச வேண்டும். ஆறு மணி நேரம் நின்று பழகியவனுக்குச் சூப்பர் மார்க்கெட் பெரிய விஷயமில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் ஓடிப்போவது பெரும்பாலும் கால் வலியால்தான். ஆனால் "முன்னாடி வேலை பார்த்திருக்கியா?" என்று கேட்டால் இவர்கள் "இல்ல சார்" என்பார்கள். கேட்டரிங்கை வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பையன் போயிருக்கிறானா, தெரியாது. அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்கள் கதை இன்னும் வேடிக்கை. மாலை வரை வகுப்பு என்றதும் கதவு சாத்தப்படுகிறது. ஆனால் விநியோகஸ்தர் வண்டிகள் வருவது காலையில், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். இன்வாய்ஸோடு பெட்டியை எண்ணுவது, உடைந்ததைத் தனியே எடுப்பது, காலாவதித் தேதியைப் பார்த்து உள்ளே ஏற்றுவது, பழைய சரக்கை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் அடுக்குவது எல்லாம் அந்த மூன்று மணி நேர வேலை. கல்லாவைத் தொட வேண்டியதில்லை, ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆள் இல்லாமல், சரக்கு இறங்கும் இன்வேர்டு பகுதியில் பெட்டிகள் மதியம் வரை கிடக்கும். "காலையில சரக்கு இறக்க வரட்டுமா?" என்று கேட்டு வந்த மாணவர்கள் அபூர்வம். எல்லோரும் "பார்ட் டைம் இருக்கா சார்?" என்றுதான் கேட்கிறார்கள், அதற்கு "இல்ல" என்று சொல்வது சுலபம்.

எனவே வேலைக்கு வழி கேட்டு என்னிடம் வரும் மாணவர்களுக்குச் சொல்லக்கூடியது ஓரளவு இருக்கிறது. மாதம் பிறந்த முதல் வாரத்தில் போகக் கூடாது, மாலை ஆறுக்கு மேல் போகவே கூடாது. வார நாளில் மூன்றிலிருந்து நாலரைக்குள் போனால் மேனேஜர் நின்று பேசுவார். கவுன்டரில் இருப்பவரிடம் கேட்டால் அவரே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். வாழ்க்கை இலட்சியம் எழுதிய பயோடேட்டாவை யாரும் படிப்பதில்லை. அரைத் தாளில் எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும், கடைசி பஸ் எப்போது, போன் நம்பர், இவ்வளவு போதும். ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கையில் இருக்கட்டும். கடையில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவர் "நம்ம ஊர்ப் பையன்" என்று சொன்னால் பாதி முடிந்த மாதிரி. கல்லூரி முதலாண்டில் பலருக்குப் பதினேழு வயது. ஆதாரில் பதினெட்டு ஆகவில்லை என்றால் நிறையக் கடைகள் தொடமாட்டார்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் பதினேழு நிறையாதவர்களைத்தான் மாலை ஏழுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. கடைக்காரர்கள் வம்பு வேண்டாமென்று ஒரு வருடம் கூட்டிக்கொள்கிறார்கள்.

நம்பர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்களிடம் மாட்டுகிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் கட்டு என்பார்கள். அல்லது டெலிகிராமில் லைக் போட்டால் பணம். முதல் நாள் நூறு ரூபாய் வரும், அடுத்து நீ பணம் போட வேண்டும். இன்னும் மோசம், வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள். அதில் திருட்டுப் பணம் ஏறி இறங்கினால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனை. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். வேலை தருகிறவன் நம்மிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை.

இதெல்லாம் எளிது. எக்ஸாம் கேள்விக்கு மட்டும் என்ன பதில் சொல்லச் சொல்வது என்பதில்தான் தடுக்கிறது.

மறைத்துச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டு சம்பளமும் வாங்கிவிடுவார்கள். முதல் தேர்வன்று போன் சுவிட்ச் ஆஃப். கடைசிச் சம்பளத்தைக் கடை நிறுத்தி வைக்கும், அவர்களும் கேட்டு வரமாட்டார்கள். அடுத்த வருடம் அதே கல்லூரியின் பெயரைச் சொல்லி வருபவனுக்கு வாசலிலேயே பதில். அந்த மேனேஜர் "எக்ஸாம் எப்போ?" என்று கேட்கப் பழகியதே இப்படிப்பட்ட ஒருவனால் இருக்கலாம். ஆனாலும் கணக்கைப் பார்த்தால், மறைத்தவன் கையில் இரண்டு மாதச் சம்பளமும், பில்லிங் தெரியும் என்ற தகுதியும் இருக்கிறது. உண்மை சொன்னவன் கையில் ஒன்றும் இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. "வர முடியாது" என்று மொத்தமாகச் சொல்லாமல், தேதியாகச் சொல்வது. இரண்டு வாரத்தில் ஐந்தோ ஆறோ தாள்தான் இருக்கும், முன் நாளையும் சேர்த்தாலும் மிச்சம் சில மாலைகள் கிடைக்கும். வேறு துறையில், வேறு நாளில் தேர்வு உள்ள நண்பனையும் கூட்டிப் போய், இருவரும் ஒரே கவுன்டரை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம் என்று கேட்கலாம். சில கடைகளில் இது எடுபட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே மணிக்கணக்கில் கூலி நிர்ணயிக்க வழி இருந்தது, கடைகள்தான் மாதச் சம்பளத்தை விட்டு நகரவில்லை. ஆனால் தேர்வு அட்டவணை பெரும்பாலும் கடைசி சில வாரங்களில்தான் வெளியாகிறது; செப்டம்பரில் வேலை கேட்டுப் போகிறவன் எந்தத் தேதியைச் சொல்வான்? "நவம்பர்ல, ரெண்டு வாரம்" என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பையனும் அதைத்தான் சொன்னான்.

அதனால் இப்போது கேட்கிற மாணவர்களிடம், உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் கேட்டால் மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். இது அறிவுரையா, நழுவலா என்று எனக்கே தெளிவில்லை. அந்தக் கடையின் தீபாவளி டியூட்டி சார்ட்டை என்னைப் போடச் சொன்னால், அவன் பெயரைப் பார்த்ததும் ஐந்தாவது கவுன்டரில் யார் நிற்பது என்றுதான் நானும் முதலில் கேட்பேன்.