டிஃபைன் 7 கேபினட்: சத்தம் எதனால் அடங்குகிறது?

சத்தம் போடாத கம்ப்யூட்டர் கேபினட் தேடிப் போனால் முதலில் காட்டப்படுவது முகப்புக் கதவும் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சத்தத் தடுப்புத் தகடும்தான். அவை தரும் உதவி கொஞ்சம். பெரிய ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலும் உள்ளே சூடு தேங்காமல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுவீடன் நிறுவனமான ஃப்ராக்டல் டிசைன் 2020-இல் கொண்டுவந்த டிஃபைன் 7-ஐ அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், பிசியைத் தாங்களே பூட்டிக்கொள்கிறவர்களுக்கு அதன் நிறையும் குறையும் தெளிவாகத் தெரியும்.

நீளம் 547 மி.மீ., அகலம் 240, உயரம் 475. காலியாகவே 13 கிலோவைத் தாண்டும். வாங்கும் முன் மேசைக்கடியில் இடத்தை அளந்துவிடுங்கள். பின்புறம் கேபிளுக்கும் சூடான காற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி தேவை.

கூடவே மூன்று 140 மி.மீ. ஃபேன்கள் வருகின்றன: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. உச்ச வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று. இதை 600-க்கு இறக்கினால் காற்று 40 சதவீதம் குறையும். சத்தமோ வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிக் குறைவதால் ஏறத்தாழ 11 டெசிபல் இறங்கிவிடும். முன்னால் இன்னொரு 140 மி.மீ. ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது. முன்னால் உள்ள மூன்றையும் 600-இல் ஓட்டிப் பாருங்கள்: இரண்டை 1000-இல் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் காற்றில் 10 சதவீதம்தான் இழப்பு, சத்தத்தில் 9 டெசிபல் லாபம். கேபினட்டில் செலவு செய்த பிறகு கையில் மிஞ்சும் பணத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அந்த ஃபேன்களை இணைக்க மதர்போர்டுக்குப் பின்புறம் ஒரு ஃபேன் ஹப் (பல ஃபேன்களை ஒரே இடத்தில் இணைக்கும் பலகை) பொருத்தியிருக்கிறார்கள். மூன்று நாலு-பின் இணைப்புகள், ஆறு மூன்று-பின் இணைப்புகள். மின்சாரம் சாட்டா கேபிள் வழியாக. பலர் சறுக்குவது இங்கேதான். ஹப்பிலிருந்து வரும் கம்பியைச் செருகும் மதர்போர்டு ஃபேன் இணைப்பு, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) 'டிசி' என்றோ 'ஆட்டோ' என்றோ இருந்தால், ஹப்புக்குச் சரியான பி.டபிள்யூ.எம். சிக்னல் (ஃபேன் வேகத்தைச் சொல்லும் துடிப்பு) கிடைக்காமல் எல்லா ஃபேனும் முழு வேகத்திலேயே சுற்றும். அதை 'பி.டபிள்யூ.எம்.' என்று கையால் மாற்றுங்கள். அடுத்தது, சிபியு ஃபேனுக்கான இணைப்பில் ஹப்பைச் செருகாதீர்கள். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே சிபியு சூடு சட்டென்று 15, 20 டிகிரி எகிறி இறங்கும்; கேபினட் ஃபேன்களும் கூடவே உறுமி அடங்கும். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. கேபினட் ஃபேனுக்கான இணைப்பில் செருகி, மதர்போர்டு சூட்டை ஆதாரமாகக் கொடுத்து, வேகம் ஏறச் சில வினாடி தாமதமும் வைத்தால் அந்த உறுமல் நின்றுவிடும்.

ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேபினட் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. 7200 சுற்று டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்வு தகட்டுக்குத் தாவினால் கேபினட் முழுவதும் ரீங்காரமிடும். மேசையில் கை வைத்தாலே தெரியும். பக்கத் தகட்டில் ஒட்டியுள்ள பிட்டுமென் (தார் போன்ற கனமான பொருள்) அந்தத் தகட்டின் எடையைக் கூட்டி, அது கூடவே பாடாமல் தடுக்கிறது. விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று நீளாமல் 'தொப்' என்று நின்றுவிடும். அதிர்வைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது டிஸ்க்கைத் தாங்கும் டிரேயில் இருக்கும் ரப்பர் வளையங்கள். ஸ்க்ரூவைத் திருகும்போது தலை ரப்பரில் படிந்ததும் நிறுத்துங்கள். ரப்பர் நசுங்கி ஓரத்தில் பிதுங்கினால் அது இருந்தும் இல்லாததுதான், டிஸ்க் இரும்போடு இரும்பாக ஒட்டிவிட்டது என்று பொருள். மாட்டியபின் டிஸ்க்கை விரலால் அழுத்தினால் இம்மி அசைந்து பழைய இடத்துக்கு வர வேண்டும்.

பெட்டியில் ஆறு டிஸ்க் டிரேக்களும் இரண்டு எஸ்.எஸ்.டி. தகடுகளும் வரும். 14 டிஸ்க் வரை வைக்கலாம் என்று விளம்பரம் சொல்வது உண்மையே, ஆனால் மீதி டிரேக்களைத் தனியாக வாங்க வேண்டும். அதற்கு மதர்போர்டுக்கு முன்னால் உள்ள தடுப்பையும் இடம் மாற்ற வேண்டும். இதனால் கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடம் 45 செ.மீ.க்கு மேல் இருந்து 30 செ.மீ.யை ஒட்டி இறங்கிவிடும். மூன்று ஃபேன் கார்டுகள் பல 30 செ.மீ.யைத் தாண்டுகின்றன, எனவே கார்டின் நீளத்தைப் பார்த்த பிறகே எந்த அமைப்பு என்று முடிவெடுங்கள். சிபியு கூலருக்கு 185 மி.மீ. உயரம் கிடைக்கிறது, காற்றில் குளிரும் பெரிய கூலர்கள் தாராளமாக உட்காரும்.

மேல்மூடி இரண்டு வகையாகக் கிடைக்கிறது: சத்தம் தடுக்கும் அடைத்த மூடி, ஃபில்டருடன் ஓட்டை மூடி. அறை 35 டிகிரியில் இருக்கும் ஊர்களில் எதைப் போடுவது என்று ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். விளையாட்டையோ ரெண்டரிங்கையோ அரை மணி நேரம் ஓட்டி, சிபியு, கார்டு சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வேலையை முகப்புக் கதவைத் திறந்து வைத்தும், பிறகு மூடியை மாற்றியும் ஓட்டுங்கள். ஃபேன் வேகம் மூன்று முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி என்றால் கதவைச் சாத்தி, அடைத்த மூடியையே வையுங்கள். ஐந்தைத் தாண்டினால் கதவு காற்றை நெரிக்கிறது. ஃபேன்கள் அதை ஈடுகட்ட வேகமெடுக்கும், தடுப்புத் தகட்டின் பலன் அங்கேயே கரைந்துவிடும். ஓட்டை மூடி போட்டால் மேலே ஃபேனைப் பின்பக்க ஓரமாக மட்டும் மாட்டுங்கள். முன்பக்கமாக மாட்டினால் உள்ளே வந்த குளிர்ந்த காற்று கூலரை எட்டும் முன்பே வெளியேறிவிடும்.

தடுப்புத் தகடு, கிராஃபிக்ஸ் கார்டின் காயில் (மின்கம்பிச் சுருள்) கீச்சிடுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தாழ்ந்த சுருதியில் வரும் ஃபேன் முழக்கத்தை அதனால் நிறுத்த முடியாது.

ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி.யும் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டும் வைத்திருப்பவர், இதே கூட்டில் வலை முகப்புடன் வரும் மெஷிஃபை 2-ஐ வாங்குவதே சரி. நாலைந்து டிஸ்க்கோடு இரவு பகலாக ஓடும், படுக்கையறையிலேயே இருக்கும் மெஷினுக்கு டிஃபைன் 7-ஐத் தயங்காமல் சொல்வேன்.