மிளகும் முப்பது அடிக் கயிறும்

போன வாரம் அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "இன்னுமாடா அந்தச் செத்த மானைத் தேடுகிற வேலை? ஏதாவது காசு தருகிறார்களா?" பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை; கொடை விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மான் வேட்டைப் பருவம் முடிந்துவிட்டது. நான் இருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1இல் வில் வேட்டை தொடங்கும். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி. டிசம்பர் முழுவதும் மறுபடி வில், ஜனவரி 1 வரை. இந்த மூன்று மாதத்தில் எனக்கும் என் நாய் மிளகுக்கும் 14 அழைப்புகள் வந்தன. கிடைத்த மான்கள் 5. முதல் வருடத்துக்கு மோசமில்லை என்கிறார் எனக்குக் கற்றுக்கொடுக்கும் பெரியவர். 20 வருடமாக நாயோடு காட்டில் அலைகிறவர். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் இவ்வளவுதான் வரும்.

நான் வேட்டையாடுகிறவன் இல்லை. அம்பு பட்டு ஓடி மறைந்த மானைத் தேடிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அம்பு பட்டதும் மான் அங்கேயே சுருண்டு விழுந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நுரையீரலில் பாய்ந்தால் நூறு மீட்டர் ஓடி விழும். அதற்கு நாய் வேண்டாம். ஈரலில் பட்டால் சில மணி நேரம் உயிர் இருக்கும். குடலில் பட்டால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். துளையைக் கொழுப்பும் குடலும் அடைத்துக்கொள்வதால் சிறிது தூரத்திலேயே ரத்தம் வெளியே சொட்டுவது நின்றுவிடும். வேட்டைக்காரர் ஐம்பதடி தூரம் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே போவார். பிறகு திக்குத் தெரியாமல் நிற்பார். அவசரக்காரராக இருந்தால் உடனே துரத்துவார். படுத்திருந்த மான் எழுந்து ஓடி இன்னொரு காட்டில் போய்ச் சாகும். காலையில் கயோட்டி என்ற சிறு ஓநாய்கள் தின்ற மிச்சம் கிடக்கும்.

நாய்க்கு ரத்தம் ஒரு துணைதான். மானின் குளம்புப் பிளவுக்கு நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. அடி வைக்கும் இடமெல்லாம் அதன் வாடை ஒட்டும். அடிபட்ட மானின் வாடை தனியாகத் தெரியும் என்று நாய்க்காரர்கள் நாங்கள் நம்புகிறோம். துளி ரத்தம் இல்லாத தடத்தில், பத்து மான்கள் குறுக்கே போயிருக்கும் காட்டில், ஒரு நாய் ஒரே மானைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் வேறு எதை நம்புவார்கள்?

தாத்தா கோவில்பட்டிப் பக்கம் கன்னி இன வேட்டை நாய் வைத்திருந்தார். முயல் கண்ணில் பட்டால் போதும், அந்த நாய் காற்று மாதிரி போகும். முயல் வேலிக்குள் நுழைந்து மறைந்துவிட்டால் திகைத்து நின்றுவிடும். அது கண்ணால் ஓடும் நாய். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டையும் குற்றமாகிவிட்டது, நாய் மட்டும் ஊரின் பெருமையாக மிஞ்சியது. நல்ல நாய் என்றால் உயரமாக, ஒல்லியாக, வேகமாக இருக்க வேண்டும் என்று என் தலைக்குள் பதிந்துபோயிருந்தது. இப்போது வீட்டில் இருப்பதோ அரையடிக்குச் சற்றே கூடுதலான உயரத்தில், முரட்டு முடியும் தாடியும் உள்ள டாஷண்ட் என்ற குட்டைக்கால் நாய். பெட்டை. நிறத்தைப் பார்த்து மிளகு என்று பெயர் வைத்தோம். அவள் மூக்கு எப்போதும் தரையிலிருந்து நாலு விரல் தூரத்தில்தான் இருக்கும். வேகமாகப் போக நினைத்தாலும் கால் விடாது. இந்த வேலைக்கு அதுதான் வேண்டும்.

இந்தப் பழக்கம் இங்கே ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே அடிபட்ட மானைத் தேடுவதற்கென்றே வளர்த்தெடுத்த நாய் இனங்கள் இருக்கின்றன. அங்கத்து வேட்டைக்காரர் பேச்சில் மானின் ரத்தத்துக்கு 'வேர்வை' என்று பெயர். வேட்டையில் ரத்தம் என்ற சொல்லைச் சொல்லமாட்டார்களாம். அமெரிக்காவில் நெடுங்காலம் மான் வேட்டையில் நாய் என்றாலே துரத்தும் நாய்தான் என்று சட்டங்கள் முகம் சுளித்தன. 1970களில் நியூயார்க்கில் ஜான் ஜென்னனி என்ற வரலாற்றுப் பேராசிரியர் முரட்டு முடி டாஷண்டுகளைக் கயிற்றில் கட்டி, அனுமதி வாங்கித் தேடத் தொடங்கினார். அதன் பிறகு மாநிலம் மாநிலமாகக் கதவு திறந்தது. 2005இல் 'யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ்' என்ற அமைப்பும் வந்தது.

மார்ச் முதல் மே வரை

மிளகு வந்தபோது 10 வார வயது. முதல் பாடம் சுலபம்: ஒரு துண்டு ஈரலை நூலில் கட்டிப் புல்லில் இருபதடி இழுத்து, முடிவில் அதையே அவளுக்கு வைப்பது. மூன்றே நாளில் புரிந்துகொண்டாள். அடுத்தது சாஸ் பாட்டில். பக்கத்து வேட்டைக்காரர் கொடுத்த மான் ரத்தத்தை அதில் ஊற்றி, நாலடிக்கு ஒரு சொட்டு. ஃப்ரீஸரில் இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தால் என் மனைவி அதன்மேல் தமிழில் 'இது சட்னி அல்ல' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

ரத்தமும் குளம்பும் உள்ளூர் மானிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில் பெரியவர் கறாராக இருந்தார். மான்களைக் கொல்லும் 'சிடபிள்யூடி' என்ற நோய் 2015இல் மிச்சிகன் காட்டு மான்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு மாவட்டத்து மானின் உறுப்பை நம் காட்டில் தேய்த்துக்கொண்டு திரிவது நல்லதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

இங்கேதான் நான் ஏமாந்தேன். காலணியின் அடியில் மான் குளம்பைக் கட்டிக்கொண்டு நடக்க ஒரு மிதியடி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு 300 மீட்டர் தடம் போடுவேன், நாலைந்து மணி நேரம் விடுவேன், பிறகு மிளகைக் கொண்டுவருவேன். வளைவுகளில் மறந்துவிடக் கூடாது என்று கிளையில் துணி கிளிப் மாட்டிவைப்பேன். ஜூலை முடிவதற்குள் எந்த வளைவிலும் அவள் தவறுவதில்லை. என் நாய் ஒரு மேதை என்று ஊருக்கு வீடியோ அனுப்பினேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பெரியவர் தடம் போட்டார். எங்கே வளைகிறது என்று எனக்குச் சொல்லவில்லை. கிளிப்பும் இல்லை. மிளகு நாற்பதடி போனாள். முதல் வளைவு வந்ததும் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

எனக்கு விளங்கவில்லை. பெரியவர்தான் என் பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். கிளிப் இருக்கும் மரத்துக்கு மூன்றடி முன்பே என் நடை தளர்கிறது. கயிறு ஒரு விரல் அளவு இறுகுகிறது. மிளகு உடனே பக்கவாட்டில் திரும்புகிறாள். வளைவு எங்கே இருக்கிறது என்பதை இரண்டு மாதமாக நான்தான் கயிறு வழியாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! அவள் மானை மோப்பம் பிடிக்கவில்லை, என் கையை மோப்பம் பிடித்திருக்கிறாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்றால் மிகைதான், ஆனால் ஊருக்கு அனுப்பிய வீடியோக்களை நினைத்து நினைத்துக் கூசினேன்.

அன்றிலிருந்து தடம் போடுவது நான் இல்லை. மனைவி போட்டாள், அலுவலக நண்பன் ஒருவன் போட்டான். நான் பின்னால் நடப்பது மட்டும். பருத்திக் கயிற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஈரம் குடிக்காத ஆரஞ்சு நிறக் கயிறு 30 அடி வாங்கினேன். முள் ரோஜாப் புதருக்குள் பருத்திக் கயிறு சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் மான் மக்கிவிடும்.

அக்டோபர்: முதல் அழைப்பு

ஜாக்சன் மாவட்டத்தில் ஒரு சோளக்காடு. இளைஞன். "நெஞ்சில்தான் பாய்ந்தது, கண்ணால் பார்த்தேன். சோளத்துக்குள் ஓடியது." கடைசி ரத்தப் பொட்டில் மிளகை விட்டேன். அவள் சோளத்தைத் தொடவில்லை. இடது பக்கம், சதுப்பு நிலத்தை நோக்கி இழுத்தாள். வேறு மான் குறுக்கே போயிருக்கும் என்று திருப்பிக்கொண்டுவந்தேன். மறுபடி இடது. மறுபடி திருப்பினேன். மூன்றாம் முறை அவளே சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் சோளத்துக்குள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு நாங்கள் இருவரும் தேடினோம். அவள் மட்டும் தேடவில்லை.

ஐந்து நாள் கழித்து அந்த இளைஞன் ஒரு படம் அனுப்பினான். காக்கைகள் கூடியதைப் பார்த்துப் போயிருக்கிறான். சதுப்பின் ஓரம், இடது பக்கம், கடைசிப் பொட்டிலிருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை.

நம் பழைய அகப்பாட்டில் தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, 'என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா?' என்று கேட்பான். கெடுதி வினாதல் என்பார்கள். மானும் கிடையாது, அம்பும் கிடையாது. பெண்ணிடம் பேச்சுக்கொடுக்க ஒரு சாக்கு. தோழி அதை நம்புவதில்லை. நானும் இப்போது வேட்டைக்காரர் கதையைக் கேட்டுக்கொள்கிறேனே தவிர நம்புவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதற்காக இல்லை. இரண்டு நொடியில் நடந்ததை மனசு தனக்குப் பிடித்த மாதிரி திருத்தி வைத்துக்கொள்கிறது. அம்பைக் காட்டு என்கிறேன். நுரையோடு இளஞ்சிவப்பா, கருஞ்சிவப்பா, பச்சையாக நாறுகிறதா? எய்த இடத்தில் கிடக்கும் முடி பழுப்பா, வயிற்றடி வெள்ளையா? மான் முதுகைக் கூனிக்கொண்டு நடந்து போனதா? இவை போதும்.

நவம்பர்: ஐந்தாவது அழைப்பு

மாலை ஐந்தரைக்கு எய்த மான். அம்பை முகர்ந்தேன், குடல். "காலை வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது" என்றேன். இரவு உறைபனி, இறைச்சி கெடாது. எய்தவருக்குப் பாதி மனம்தான். கடைசிப் பொட்டில் தன் தொப்பியை வைத்துவிட்டு வந்தார்.

காலை ஆறரைக்குத் தொடங்கினோம். இருட்டு பிரியவில்லை, தலையில் விளக்கு. இங்கே நாய் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிலத்துக்காரர் அனுமதியும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. மிளகு தொப்பியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டாள். பிறகு கயிறு இறுகியது. ஓக் சருகு முழுக்க வெண்பனி; அவள் மூச்சு விடும் இடத்தில் மட்டும் சருகு கறுத்து ஈரமானது. அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் எனக்குத் தெரிந்த தடம். ரத்தம் எங்கும் இல்லை.

நானூறு மீட்டரில் ஓடை. "மான் மேட்டுக்குத்தான் போயிருக்கும், எப்போதும் அங்கேதான் படுக்கும்" என்றார் பின்னால் வந்தவர். அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். எனக்கும் மேடுதான் சரி என்று பட்டது. கை அந்தப் பக்கம் போகத் துடித்தது. கயிற்றைப் பிடித்த கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். மிளகு கரையில் நின்று, தலையைத் தூக்கிக் காற்றை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு பனிபோல் குளிர்ந்த தண்ணீருக்குள் வயிறு வரை இறங்கினாள். என் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிர்க்கரையில் புல் அமுங்கிய ஒரு படுக்கை. நடுவில் கையகலத்துக்குக் கருஞ்சிவப்பு, பச்சைத் திட்டு. அதன்பிறகு சம்பங்கோரைக்குள் எண்பது மீட்டர், எனக்குத் தெரிந்ததெல்லாம் கயிற்றின் ஆரஞ்சு முனைதான். திடீரென்று கயிறு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால், மானின் விலாவைவிடச் சின்னதாக இருக்கும் மிளகு அதன் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கித் துப்பிக்கொண்டிருந்தாள். அந்த வேட்டைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாயின் காதருகே போய் என்னவோ சொன்னார்.

ஒரு பின்னங்கால் கொடுத்தார். வீட்டில் மிளகு வறுவல் செய்தோம். பெயரைச் சொல்லாமல் அந்தக் கறியை எப்படிப் பரிமாறுவது என்பதில் கொஞ்சம் சிரிப்பு நடந்தது.

கிடைக்காத 9

ஒன்று மேலே சொன்ன வெட்கக்கேடு. ஒன்றில் தடம் வேலியைத் தாண்டியது, பக்கத்து நிலத்துக்காரர் அனுமதி தரவில்லை, அங்கேயே திரும்பினோம். ஒன்றில் வேட்டைக்காரரும் மூன்று நண்பர்களும் முந்தின இரவே காட்டை உழுதுவிட்டார்கள். எல்லாக் காலணியிலும் ரத்தம், மிளகு எட்டுத் திசையும் இழுத்தாள். டிசம்பரில் ஒன்று, பனி அவள் முதுகு வரை. நீந்துகிற மாதிரி போனாள், நான் தூக்கிக்கொண்டு வந்தேன். மற்ற ஐந்தும் சாகாத மான்கள் என்றே நினைக்கிறேன். தோளின் மேல்தசையிலோ மார்பெலும்பிலோ பட்டால் முதலில் நிறைய ரத்தம் கொட்டும், பிறகு நின்றுவிடும். அவற்றில் இரண்டு பின்னர் காட்டு கேமராவில் தலைகாட்டின. ஒன்று பெட்டை மானைத் துரத்திக்கொண்டிருந்தது. மான் சாகவில்லை என்று சொல்வதும் வேட்டைக்காரருக்கு ஒரு நிம்மதிதான், பெட்ரோல் காசை அப்போதும் மறுக்காமல் தருகிறார்கள்.

வெப்பத்தைப் படம் பிடிக்கும் ட்ரோன் வந்துவிட்டதே என்று பலரும் கேட்கிறார்கள். சில மாநிலங்களில் பறக்கிறது. மிச்சிகன் சட்டம் அனுமதிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஜனவரி

இப்போது நீண்ட தடங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், 20 மணி நேரம் ஆறவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மனைவி போட்டாள். எத்தனை வளைவு என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். என்னைப் பார்க்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது வளைவில் மிளகு தடத்தை விட்டுவிட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினொரு நிமிடம் வட்டம் வட்டமாகச் சுற்றினாள், ஒரு அணிலைப் பார்த்துக் குரைத்தாள், ஓர் இடத்தில் ஒன்றுக்குப் போனாள். பிறகு கயிறு இறுகியது.