ஐந்தாம் நாள் 18,000

"சிஸ்டர், அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி ஏறிட்டுதானே?"

தாராவியிலிருந்து மகன் போனில் கேட்டார். கையில் லேப் ரிப்போர்ட். வெள்ளை அணுக்கள் 18,000. "ஆமா, நல்லா ஏறியிருக்கு" என்றேன். அந்த "ஆமா"தான் இன்னும் உறுத்துகிறது.

லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஆர்-சாப் என்ற கீமோ மருந்துக் கூட்டின் முதல் சுற்று, அன்று ஐந்தாம் நாள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி 300 மைக்ரோகிராம், தோலுக்கடியில். ஊசி தொடங்கிய ஓரிரு நாளில் தெரியும் ஏற்றம் புது விளைச்சல் இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருப்பில் இருந்த நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியோடு முதலில் மோதும் வெள்ளை அணுக்கள், முன்கூட்டியே வெளியே வருகின்றன. தினம் 100 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு வேறு, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவற்றை ஓட்டத்தில் இறக்கிவிடுகிறது. கீமோவின் அடி எண்ணிக்கையில் தெரிவது அதற்குப் பிறகுதான், ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள். அந்தப் பள்ளத்தைத் தாண்டும்வரை ஊசியை நிறுத்தக் கூடாது. இவ்வளவும் தெரிந்துதான் "ஆமா" சொன்னேன். சீட்டில் 7 ஊசி என்று தெளிவாக எழுதியிருந்ததே, தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

எண்ணிக்கை ஏறிவிட்டது என்று அவர்கள் மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் 101.2, நியூட்ரோஃபில் 300. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினோம், தேறிவிட்டார். ஏழும் போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம். ஊசி அந்த வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நிறுத்தியதைவிட "சக்தி" என்ற சொல்தான் என்னை விடவில்லை. அவர் கேட்டது சக்தியை. நான் பதில் சொன்னது எண்ணிக்கைக்கு. இந்த ஊசி நியூட்ரோஃபிலைப் பெருக்கும். அவற்றின் மேற்பரப்பில் சிடி64 என்ற ஏற்பியைக் கூட்டி, ஆன்டிபாடி பூசிய கிருமியைப் பிடிக்கத் தயாராக்கும். அதே ஊசி எதிர்ப்புறமாகவும் வேலை செய்யும். ஆரோக்கியமானவர்களுக்கு இதைப் போட்டு, ரத்தத்தை எடுத்து, பாக்டீரிய நச்சைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்: அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் குறைவாகவே வந்தது. டிஎன்எஃபைப் பிடித்து முடக்கும் கரையும் ஏற்பிகளும், அழற்சியைக் கிளப்பும் இன்னொன்றான இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் புரதமும் ரத்தத்தில் கூடின. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் போக்கும், அழற்சியைக் குறைவாகக் கிளப்பும் டிஎச்2 வகையின் பக்கம் சாய்கிறது. இது கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டுக்கடங்காத அழற்சியும் ஆளைக் கொல்லும். ஆனால் "எதிர்ப்பு சக்தி ஏறிடுச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் இது அடங்காது. ஆர்-சாப்பில் உள்ள ரிடக்சிமாப் மருந்து அழித்த பி செல்கள், அதாவது ஆன்டிபாடி தயாரிக்கும் வழியில் வரும் அணுக்கள், திரும்ப மாதக்கணக்காகும், அதற்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது.

ரிப்போர்ட்டே இந்த நாட்களில் ஆளைக் குழப்பும். லிம்ஃபோமாவில் கவனித்துப் பார்க்கும் எல்டிஹெச் என்ற ரத்த நொதி இந்த ஊசியாலேயே ஏறும், நோய் திரும்பிவிட்டதோ என்று வீடே பதறும். பெட் ஸ்கேனில் மஜ்ஜை முழுக்க ஒளிரும். ஊசி போட்ட தேதியை ஸ்கேன் சீட்டில் எழுதாமல் அனுப்பினால் படிப்பவருக்கும் திண்டாட்டம்தான்.

இரண்டாம் சுற்றில் அதே மருந்தின் நீண்ட நாள் வேலை செய்யும் வடிவமான பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து ஒரே ஊசி. நடுவில் நிறுத்துகிற பேச்சே இல்லை. இந்தமுறை முழுசாகச் சொன்னேன்: எண்ணிக்கை ஏறும், ஆனாலும் கிருமி வரலாம், 100.4 தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து இறக்காமல் உடனே கிளம்பி வாங்க.

மகன் தலையாட்டினார். அம்மா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப எதுக்கும்மா இந்த ஊசி? போன தடவை எலும்பெல்லாம் என்னா வலி வலிச்சுது."

அவரைச் சம்மதிக்க வைக்க அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் நான் சொன்ன சொல்லும் "சக்தி"தான்.