சாரையின் ரத்தமும் சித்திரை வெயிலும்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். வாரம் முழுக்க மனிதர்களின் ரத்தம்தான்: சர்க்கரை, யூரியா, காய்ச்சல் காலத்தில் தட்டணு. விடுமுறை நாளில் வேறு ரத்தம். மீட்கப்பட்டு வனத்துறை வழியாக வரும் பாம்பு, ஆமை, உடும்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். ஊசி ஏற்றுவது அவர். டியூப், ஸ்லைடு, மெஷின் என் பொறுப்பு. கையில் எடுத்துப் போகும் ரத்தப் பரிசோதனை மெஷினை வைத்து ஊர்வனவற்றின் உடல்நிலையைப் பார்க்கலாமா என்று கல்லூரிப் பிள்ளைகள் நிறையக் கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் மெஷின் சொல்வது பாதிதான்.

முதலில் ரத்தமே வேறு. நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பாம்புக்கும் ஆமைக்கும் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும், நடுவில் உட்கரு கருநீலமாகத் தெரியும். அவற்றின் தட்டணுவுக்கும் உட்கரு உண்டு. மனித ரத்தத்துக்கான செல் கவுண்டரில் இதை ஓட்டினால் அது உட்கருவைக் கண்டு எல்லாவற்றையும் வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் கட்டம் போட்ட கண்ணாடித் தகடான நியூபவர் சேம்பரில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் எண்ண வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் கையால் எண்ணித்தான் பழகினோம். லேபில் யாருக்கும் வேண்டாமல் போன அந்தப் பழக்கம் இங்கே ஒவ்வொரு முறையும் தேவைப்படுகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ரத்தத்தைச் சம்பவ இடத்திலேயே பார்க்க ஏன் இவ்வளவு பாடு? மேலூர்ப் பக்கம் எடுத்த ரத்தம் லேப் வந்து சேர்வதற்குள் டியூபிலேயே மாறிவிடும். அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பொட்டாசியம் அளவும் நிலைக்காது. கையடக்க மெஷின் இரண்டு மூன்று சொட்டில், சில நிமிடத்தில், சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், தசை ஆக்சிஜன் போதாமல் உழைக்கும்போது சேரும் லாக்டேட், அமில கார நிலை எல்லாம் காட்டிவிடும். சின்ன உயிருக்கு அந்த இரண்டு சொட்டு என்பது பெரிய உதவி. நோயில்லாத ஊர்வனவற்றில்கூட உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை. 100 கிராம் ஓணான் என்றால் 1 மில்லி, அதற்கு மேல் கூடாது. அடிபட்டுக் கிடப்பது என்றால் அதிலும் பாதிதான்.

ஆனால் மதுரை வெயில் இருக்கிறதே. இந்த வகை மெஷின்கள் ஏசி அறையை மனதில் வைத்துச் செய்தவை. நாங்கள் வைத்திருப்பது 16 முதல் 30 டிகிரிக்குள்தான் வேலை செய்யும், அதைத் தாண்டினால் திரையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். ரத்தச் சொட்டை விட்டு மெஷினில் செருகும் கார்ட்ரிட்ஜை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்து, போடுவதற்கு முன் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். சித்திரையில் நாகமலை அடிவாரத்தில் நிழலில்கூட 30 டிகிரி ஏது? அதனால் விடிகாலையில் கிளம்புவோம். வெயில் ஏறிவிட்டால் வண்டிக்குள் ஏசி போட்டு, அங்கே மெஷின், வெளியே மரத்தடியில் பிராணி.

வெப்பத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெஷின் ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அளக்கிறது. அது மனித உடல் வெப்பம். பாம்பின் உடம்போ காலையில் 26 டிகிரி இருக்கும், மதியம் 33 இருக்கும். வெப்பம் ஏறினால் ரத்தத்தின் பி.எச்., அதாவது அமில கார நிலையைச் சொல்லும் எண், இறங்கும், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் கூடும். காலைப் பாம்புக்குத் திரையில் தெரியும் பி.எச். அதன் உடம்புக்குள் இருப்பதைவிடக் குறைவு. ரத்தம் எடுக்கும்போதே பிராணியின் வெப்பத்தை அளந்து எழுதி வைத்தால்தான் பிறகு திருத்திக் கணக்கிட முடியும். எழுதாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் பேசக் கூடாது.

தோட்டத்து வேலியில் கட்டிய நைலான் வலையில் சிக்கிய சாரை ஒன்றைப் பாம்பு பிடிக்கும் தம்பி கொண்டுவந்தான். லாக்டேட் எகிறிக் கிடந்தது.

"அக்கா, பொழைக்குமா? எங்க வீட்டுல ஆஸ்பத்திரில இருந்தப்ப இது கூடுனாத்தான் டாக்டரு பயந்தாரு."

"இதுக்கு வேற கணக்குப்பா. எம்புட்டு நேரம் வலையில துள்ளுச்சு?"

"ராத்திரியே சிக்கியிருக்கும்க்கா. புடிக்கிறப்பயும் நல்லா முறுக்குச்சு."

காரணம் அதுதான். ஊர்வன வேகமாக ஓடும்போதும் போராடும்போதும் தசைக்கு ஆக்சிஜன் போதாமல்தான் உழைக்கின்றன. லாக்டேட் உடனே ஏறும், இறங்கப் பல மணி நேரம் ஆகும். இருட்டுப் பெட்டியில் ஓய்வாக விட்டு மறுநாள் பார்த்தோம், இறங்கியிருந்தது. மறுநாளும் இறங்காமல் நின்றால்தான் கவலை. அதனால் எந்தப் பிராணி வந்தாலும் நான் முதலில் கேட்பது, பிடித்து எவ்வளவு நேரமாச்சு என்பதுதான்.

மனித லேபில் கற்றதில் சிலவற்றை இங்கே ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் என்றால் நமக்கு யூரியாவும் கிரியாட்டினினும். பாம்புக்கும் உடும்புக்கும் யூரிக் அமிலம். அதுவும் எலி தின்ற பாம்புக்கு இரை செரிக்கும் நாட்களில் தானாகவே கூடும். ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் நீரான பிளாஸ்மா மஞ்சளாக இருந்தால் காமாலை என்று நம் கை எழுதப் போகும். ஊர்வனவற்றின் பித்த நிறமி பெரும்பாலும் பச்சை, அதனால் மஞ்சளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி டியூபில் உள்ள ஈடிடிஏ என்ற மருந்து ஆமைகள் பலவற்றின் சிவப்பணுவை உடைத்துவிடும். அதே வேலைக்கு வேறு மருந்தான லித்தியம் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி டியூப்தான் எடுப்போம். ஆனால் ஹெப்பாரின் கலந்த ரத்தத்தில் ஸ்லைடு போட்டால் நிறம் சரியாக ஏறாது. ஊசி முனையிலிருந்தே நேராக ஸ்லைடில் ஒரு சொட்டு இழுத்து, காய்ந்ததும் மெத்தனாலில் முக்கிவிட வேண்டும். தாமதித்தால் ஈயும் எறும்பும் வந்து ஸ்லைடை நக்கித் தீர்த்துவிடும்.

ஆமையில் இன்னொரு தொல்லை, ரத்தத்தோடு நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நிறமற்ற நீர், கலந்து வருவது. ஓட்டுக்கு அடியில் கழுத்தோரம் எடுக்கும்போது அடிக்கடி நடக்கும். சிவப்பணு அளவும் புரதமும் சேர்ந்து குறைந்து, ஸ்லைடில் லிம்போசைட் என்ற வெள்ளையணுவாகவே தெரிந்தால் அதை ரத்தசோகை என்று எழுதக் கூடாது. கண்மாய் வற்றும் காலத்தில் வரும் பாலாமைகளின் சிவப்பணுவுக்குள் வாழைப்பழம் போல வளைந்த ஒட்டுண்ணியும் தெரியும். அட்டை கடித்து ஏறுவது. பெரும்பாலும் ஆமை அதோடு நன்றாகவே வாழ்கிறது. இதை எந்தக் கைமெஷினும் காட்டாது, ஸ்லைடுதான் காட்டும்.

என் மனதை அதிகம் உறுத்துவது நட்சத்திர ஆமை. 2019 முதல் சர்வதேச வணிகம் முழுக்கத் தடை, 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை, வீட்டில் ராசிக்கு வைத்திருப்பவர்களும் குறையவில்லை. பிடிபட்டவற்றைக் காட்டில் விட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். பல இடத்து ஆமைகள் ஒரே பெட்டியில் நெரிபட்டு வந்திருக்கும். ஒன்றின் நோய் மற்றதுக்கும், அங்கிருந்து காட்டு ஆமைக்கும் போகும். விடுவதற்கு முன் தனித்து வைத்து, ரத்தம் பார்த்து, சந்தேகம் இருந்தால் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். பெண் ஆமையில் கால்சியம் தூக்கலாக இருந்தால் நோய் என்று அவசரப்படாதீர்கள், முட்டைக்குத் தயாராகும்போது கால்சியமும் புரதமும் கூடத்தான் செய்யும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், மெஷினைக் கடைசியில் வைப்பேன். பிளாஸ்மா புரதம் பார்க்க ஒரு கை ரிஃப்ராக்டோமீட்டர், அதற்கு பேட்டரிகூட வேண்டாம். சிவப்பணு அளவு பார்க்க, ரத்தம் ஏற்றிய மெல்லிய கேபிலரி டியூபை வேகமாகச் சுற்றும், வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன சென்ட்ரிபியூஜ். மெஷின் சிவப்பணு அளவை மின்கடத்தும் தன்மையை வைத்துக் கணிக்கிறது. புரதம் குறைந்த பிராணியில் அது குறைத்துக் காட்டும், சுற்றிப் பார்ப்பதே நம்பகம். பிறகு ஸ்லைடு, சாயம், வெப்பமானி, நோட்டு.

அந்த நோட்டுதான் இப்போது அவசரத் தேவை. இந்தப் பக்கத்து சாரைக்கு, பாலாமைக்கு எது இயல்பு அளவு என்பதை இந்தப் பக்கத்து ரத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அதுவும் கோடைக்கு ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பாம்பு மீட்கும் தம்பிகள் இடம், பிடித்த நேரம், எப்படிச் சிக்கியது என்று மூன்று வரி எழுதித் தந்தால் போதும். நீங்களாக ஊசி ஏற்றாதீர்கள். காட்டு உயிரிடம் ரத்தம் எடுக்க வனத்துறை அனுமதியும் மருத்துவரும் வேண்டும். வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். எத்தனை வருடம் இருந்தது, என்ன தின்னக் கொடுத்தீர்கள், கூட வேறு ஆமை இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.