டெக்சஸ் குளிரும் சல்காட்டா ஆமையும்

டெக்சஸில் கொல்லைப்புறத்தில் உலவும் பெரிய ஆமை அநேகமாக சல்காட்டாவாகத்தான் இருக்கும். கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் முப்பது நாற்பது கிலோவாகி, வீட்டுக்குள் வைக்கவே முடியாது. (இந்தியாவில் நட்சத்திர ஆமை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

சல்காட்டாவின் தாயகம் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல். குளிர்காலத் தூக்கம் இதற்குக் கிடையாது. அரிசோனா பாலைவன ஆமை தூங்குகிறதே என்று இதையும் அப்படியே விட்டால், உடம்பு விறைத்து, தின்றது வயிற்றிலேயே அழுகி, நுரையீரலில் சளி கட்டிவிடும்.

வளை தோண்டிக்கொள்ளுமே, மண்ணுக்குள் கதகதப்பாக இருக்காதா என்றால், அதுவும் இங்கே உதவாது. ஆழம் போகப் போக மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை நெருங்கும். சாஹேலில் அது 82 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வரும், டாலஸில் 66தான். போதாததற்கு இங்குள்ள களிமண் மழையில் ஊறினால் வளை சகதியாகிவிடும். வெறும் குளிரைவிடக் குளிரும் ஈரமும் சேர்வதுதான் இதற்கு எமன். நவம்பர் பிறந்ததும் வளையின் வாயைக் கனமான கற்பலகையால் அடைத்துவிடுங்கள். அதற்கு முன் ஆமை வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

வளைக்குப் பதில், ஆமை இரவில் தங்க சூடேற்றிய ஒரு மரப்பெட்டி, அதாவது இரவுப்பெட்டி. ஒரு பெரிய ஆமைக்கு நாலுக்கு நாலு அடி, உயரம் இரண்டடி போதும். பெட்டி பெரிதானால் சூடாக்க வேண்டிய காற்றும் கூடும். முக்கால் அங்குல பிளைவுட்டை உள்ளும் புறமும் அடித்து, நடுவில் ஒன்றரை அங்குல தெர்மாகோல் அட்டை வையுங்கள். சுவர், தரை, மூடி மூன்றுக்கும் இது வேண்டும். தெர்மாகோல் துளிகூட வெளியே தெரியக்கூடாது; ஆமை கடித்துத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். தரை மூத்திரத்தில் ஊறி அழுகும் என்பதால் எபாக்ஸி பெயின்ட் இரண்டு கை அடித்து, வாடை முழுக்கப் போன பிறகே ஆமையை விடவும். மூடியைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்யுங்கள். மூலையில் சுருண்டிருக்கும் நாற்பது கிலோவை வாசல் வழியாக இழுத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

வாசல் தெற்கு பார்த்து இருக்கட்டும். இங்கே வாட்டும் காற்று வடக்கிலிருந்துதான் வருகிறது. குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அந்த கனத்த பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி தொங்கவிட்டு, இரவில் மூட வெளியே தாழ்ப்பாளுடன் ஒரு கதவும் போடுங்கள். நாய், ரக்கூன் இரண்டையும் அது தடுக்கும். கதகதப்பைத் தேடித் தீயெறும்பும் வரும். அடித்தளத்தைச் சுற்றி வாரம் ஒருமுறை பாருங்கள்.

சூட்டுக்கு விளக்கு வேண்டவே வேண்டாம். உயரமான ஆமையின் ஓட்டு உச்சி விளக்குக்கு மிக அருகில் வந்து வெந்துபோகும், வயிற்றுப் பக்கம் குளிர்ந்தே கிடக்கும். விளக்கு கழன்று வைக்கோலில் விழுந்தால் பெட்டியே எரியும். சிறிய எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர், 700 வாட், இந்த அளவுக்குத் தாராளம். ஆமை முட்டிக் கவிழ்க்காதபடி அதன் முன்னால் கட்டைத் தடுப்பு அவசியம். ஹீட்டரைத் தனி தெர்மோஸ்டாட்டில் மாட்டி 80 டிகிரியில் வையுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிஜிட்டல் பட்டன் வைத்த ஹீட்டரை வாங்கினால், தெர்மோஸ்டாட் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்ததும் அது பேசாமல் கிடக்கும். யாராவது வந்து பட்டனை அமுக்க வேண்டும். கையால் திருகும் குமிழ் உள்ள ஹீட்டராக வாங்கி, குமிழை உச்சத்தில் விட்டுவிடுங்கள்; கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அதன் உணர்முனை ஹீட்டருக்கு எதிர்ச் சுவரில், ஆமையின் உயரத்தில், கம்பிக் கூண்டுக்குள் இருக்கட்டும். ஆமை அதன் மேல் சாய்ந்து படுத்தால் காட்டும் கணக்கு பெட்டியுடையதாக இருக்காது. வெளியே போடத் தகுந்த கனமான வயர், மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் பாயின்ட், இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜனவரியிலும் பகலில் 70 டிகிரி வெயில் அடிக்கும் ஊர் இது. ஆமை வெளியே வந்து மேயும். நாலு மணிக்கு மேல் வெயில் இறங்கியதும் வேலி மூலையில் தலையைச் செருகி அப்படியே உறங்கிவிடும். குளிர்ந்த பின் நடக்கத் தெம்பிருக்காது. வெயில் இருக்கும்போதே உள்ளே போயிற்றா என்று பார்த்துக் கதவை மூடுவது தினசரி வேலை. பழகாத ஆமை முதலில் தானாகப் போகாது. தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டால் சில வாரங்களில் வழி பிடிபடும்.

மழையும் குளிருமான நாளில் வெளியே விடவே வேண்டாம். உள்ளே காய்ந்த புல்லும் தண்ணீரும் வையுங்கள். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இன்னும் நல்லது, நீர்ச்சத்தும் சேரும். ஹீட்டர் காற்றை உலர்த்துவதால், வெயில் நாளில் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிடுவதும் தேவை. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, தீனியை மறுப்பது தெரிந்தால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள்.

2021 பிப்ரவரிப் புயலில் டாலஸ் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. பல லட்சம் வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரமில்லை. இத்தகைய முன்னறிவிப்பு வந்தால், கரண்ட் போவதற்கு முன்பே ஆமையைக் குளியலறைக்கோ துணி துவைக்கும் அறைக்கோ மாற்றிவிடுங்கள். பெட்டிக்குள் கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும். ஜெனரேட்டரையும் வீட்டை ஒட்டி ஓட்டக்கூடாது. வெளியேதான் வைக்க வேண்டிய கட்டாயம் என்றால், வெந்நீர் நிரப்பிய பெரிய கேன்களைத் துணியில் சுற்றி ஆமையின் இருபுறமும் வைத்து, ஆறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள்.